வீழும் ஃபேதான்: மெருகின் வலிமையும் விலையும்

ஃபேதானின் வீழ்ச்சியை மைக்கேலாஞ்சலோ வரைந்த மூன்று தாள்கள் இன்று நமக்குக் கிடைக்கின்றன. ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒன்று வெனிஸ் நகரின் அகாடெமியாவில். மூன்றாவது விண்ட்சர் கோட்டையில், பிரிட்டிஷ் அரச சேகரிப்பில். மூன்றும் கறுப்புச் சாக்கட்டியால் வரைந்தவை. மூன்றும் 1533ஆம் ஆண்டையொட்டி, டொமாசோ டி கவாலியேரி என்ற ரோமானியப் பிரபுகுல இளைஞரை மனத்தில் வைத்து உருவானவை. விண்ட்சரில் இருப்பதுதான் முற்றுப்பெற்ற தாள்; புகழும் அதற்குத்தான் அதிகம். கோட்டோவியக் கலையின் சிகரங்களில் ஒன்றாக அதைக் கொண்டாடுகிறார்கள். அந்தக் கொண்டாட்டம் நியாயமா, நியாயம் என்றால் எதற்காக என்று கேட்டுப் பார்ப்பது பயனுள்ளது. ஏனெனில் அந்த ஒரு தாளில் ஒரு வழக்கத்தின் முழு வலிமையும் முழுப் பலவீனமும் அடங்கியிருக்கின்றன.

வழக்கம் இதுதான். அதுவரை கோட்டோவியம் என்பது பெரும்பாலும் பட்டறைப் பொருள். சுவரோவியத்துக்கோ சிற்பத்துக்கோ முன்வரைவாகப் பயன்படும். வேலை முடிந்ததும் பலவும் குப்பைக்கோ அடுப்புக்கோ போகும். மாறாக, ஒரு தாளை அதற்காகவே வரைந்து, ஓவியம் போல முழுமைப்படுத்தி, நண்பருக்குப் பரிசாகக் கொடுப்பது பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் வேர்பிடித்தது. அதற்குப் பெரும்பாலும் கிரேக்கத் தொன்மங்களே கருப்பொருள். லியோனார்டோ 1504ஐ ஒட்டி அந்தோனியோ சென்யி என்ற நண்பருக்காகக் கடல்தெய்வமான நெப்டியூனைக் கடற்குதிரைகளோடு வரைந்து கொடுத்ததாக, கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி குறிப்பிடுகிறார். மைக்கேலாஞ்சலோ அந்த வழக்கத்தை அதன் உச்சத்துக்குக் கொண்டுபோனார். கவாலியேரிக்கு அவர் வரைந்து கொடுத்தவை என்று வசாரி தன் நூலின் 1568ஆம் ஆண்டுப் பதிப்பில் பட்டியலிடுபவை கனிமீட், டிட்டியஸ், ஃபேதான், குழந்தைகளின் களியாட்டம் ஆகியவை. அந்த இளைஞர் சித்திரம் பழகிக்கொண்டிருந்ததால் அவருக்காக வரைந்தார் என்று காரணமும் சொல்கிறார். காரணம் அது மட்டும் இல்லை என்பது மைக்கேலாஞ்சலோவின் கடிதங்களையும் கவிதைகளையும் படித்த எவருக்கும் தெரியும். 1532இல் இருவரும் சந்தித்தபோது மைக்கேலாஞ்சலோவுக்கு வயது 57. அந்தப் பற்று அவர் 1564இல் ரோமில் இறக்கும்வரை நீடித்தது. மரணப் படுக்கையருகே இருந்தவர்களில் கவாலியேரியும் ஒருவர்.

முதலில் கதை. ஃபேதான் சூரியதேவனின் மகன். ஆனால் அதை ஊர் நம்பவில்லை. தந்தையிடம் போய் அத்தாட்சி கேட்கிறான். எது கேட்டாலும் தருவதாக அவர் சத்தியம் செய்துவிடுகிறார். ஒரே ஒரு நாள் சூரிய ரதத்தை ஓட்ட வேண்டும் என்கிறான் மகன். குதிரைகள் அவன் கைக்கு அடங்கவில்லை. ரதம் தறிகெட்டு ஓடி பூமி பற்றி எரிகிறது. வேறு வழியின்றி சியூஸ் இடியை ஏவுகிறார். எரிடானஸ் நதியில் விழுந்து ஃபேதான் மடிகிறான். அழுதழுது அவன் சகோதரிகள் நெட்டிலிங்கம் போன்ற பாப்லர் மரங்களாகிறார்கள். உறவினன் சிக்னஸ் அன்னமாகிறான். ரோமானியக் கவி ஓவிட் தன் காவியத்தின் இரண்டாம் பகுதியில் இதை விரிவாகப் பாடியிருக்கிறார். மைக்கேலாஞ்சலோவுக்கு இன்னொரு மூலமும் இருந்தது: ரோமில் அராகோயேலி தேவாலயத்தருகே கிடந்த, இப்போது ஃபுளோரன்ஸ் உஃபீட்சியில் இருக்கிற, பழைய ரோமானியக் கல் சவப்பேழை. அதன் முகப்பில் இதே வீழ்ச்சி செதுக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பேழையையும் விண்ட்சர் தாளையும் ஒப்பிட்டால், மைக்கேலாஞ்சலோ கதைக்குச் செய்தது என்ன என்பது தெளிவாகும். பேழையின் முகப்பு அகலமானது, உயரம் குறைவு. குதிரைகள், ரதம், நதித்தெய்வம், அழுகிற பெண்கள் எல்லோரும் ஒரே பட்டையில் முண்டியடித்து நிற்கிறார்கள். விழுகிறவன் விழுவதற்கே இடமில்லை. மைக்கேலாஞ்சலோ தாளை நெட்டுக்குத் திருப்புகிறார்: உயரம் சுமார் 41 செ.மீ., அகலம் சுமார் 23 செ.மீ. கதையை மூன்று அடுக்காகப் பிரிக்கிறார். உச்சியில் கழுகின்மேல் அமர்ந்து கையை ஓங்கிய சியூஸ். நடுவில் முறுக்கிப் புரளும் நான்கு குதிரைகளும், கவிழும் ரதமும், தலைகீழாக விழும் ஃபேதானும். அடியில் சாய்ந்து கிடக்கும் நதித்தெய்வம், அண்ணாந்து கதறும் மூன்று சகோதரிகள், அவர்களிடையே ஓர் அன்னம். அடுக்குகளுக்கு நடுவே வெறும் தாள். ஆகாயம் என்று அவர் எதையும் வரையவில்லை. வரையாமல் விட்ட அந்த இடம்தான் விழும் தூரமாகிறது.

அந்த அன்னத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கதைப்படி ஃபேதான் விழுந்து, இறந்து, அடக்கம் செய்யப்பட்ட பிறகே சிக்னஸ் அன்னமாகிறான். தாளிலோ ஃபேதான் இன்னும் அந்தரத்தில் இருக்கிறான். கீழே துக்கம் முற்றி, உருமாற்றமும் நிகழ்ந்தாயிற்று. மேலே காரணம், நடுவில் சம்பவம், கீழே விளைவு என்று கண் இறங்க இறங்கக் காலமும் நகர்கிறது. இடி இன்னும் ஓங்கிய கையிலேயே இருக்கிறது. ஆனால் அதன் பலன் கீழே விளைந்துவிட்டது. கவி பல பத்து வரிகளில் சொல்வதை ஒரே பார்வைக்குள் அடைத்து, அதே சமயம் கண்ணை மேலிருந்து கீழே நடத்திச்செல்லும் இந்த அமைப்பு, தொன்மத்தைப் படமாக்குவதில் அபூர்வமான சாதனை. பரிசுச் சித்திர வழக்கத்தின் முதல் வலிமை இதுதான். தேவாலயச் சுவருக்கு வரைந்தால் புரோகிதர் கேட்பார், பிரபுவின் மாளிகைக்கு வரைந்தால் பிரபு கேட்பார். நண்பருக்கு வரைவதில் அளவு, கதை, சொல்லும் விதம் எதற்கும் ஒப்பந்தம் இல்லை. கதையை எப்படிப் பிரிப்பது, எங்கே வெறுமையாக விடுவது என்று கலைஞர் தனக்குள்ளேயே யோசித்துப் பார்க்கலாம்.

தனக்குள் மட்டும் என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத் தாளின் அடியில் மைக்கேலாஞ்சலோ கைப்பட எழுதிய குறிப்பு இருக்கிறது. இந்த வரைவு பிடிக்கவில்லையென்றால் வேலையாள் உர்பினோவிடம் சொல்லியனுப்பும்படியும், சொன்னபடி மறுநாள் மாலைக்குள் வேறொன்று வரைய நேரம் இருக்கும் என்றும், பிடித்திருந்து முடித்துத்தர வேண்டுமென்றால் இதையே திருப்பியனுப்பும்படியும் டொமாசோவிடம் கேட்கிறார். ஐரோப்பாவின் தலைசிறந்த கலைஞர் ஓர் இளைஞரின் விருப்பத்துக்குக் காத்திருக்கிறார். இங்கே பெறுபவர் வெறும் பார்வையாளர் அல்லர். வேலையில் அவருக்கும் ஒரு கை உண்டு. வெனிஸ் தாள் குதிரைகளின் விழுகையை வேறு விதமாக அடுக்கிப் பார்க்கிறது என்றால், அதற்குப் பின்னால் இந்தப் பேச்சும் இருந்திருக்கும். காசு கொடுத்து வாங்கும் எந்தப் படத்திலும் இந்த நெருக்கத்தைக் காண்பது அரிது. இது இரண்டாவது வலிமை.

மூன்றாவது வலிமை, பார்க்கும் முறையைப் பற்றியது. இந்தத் தாள்கள் கையில் ஏந்திப் பார்க்க வேண்டியவை. மைக்கேலாஞ்சலோ அனுப்பிய இரண்டு சித்திரங்களை நாளுக்கு இரண்டு மணி நேரமாவது பார்த்துக்கொண்டிருக்கப்போவதாக 1533 ஜனவரியில் கவாலியேரி எழுதுகிறார். சில ஆண்டுகள் கழித்து மைக்கேலாஞ்சலோ சிலுவையேற்றச் சித்திரம் ஒன்றைக் கவிஞர் விட்டோரியா கொலோன்னாவுக்கு அனுப்பினார். கொலோன்னா அதை விளக்கு வெளிச்சத்திலும், உருப்பெருக்கிக் கண்ணாடியிலும், முகக்கண்ணாடியிலும் வைத்துப் பார்த்ததாக எழுதினார். சாக்கட்டியைக் கூராகச் சீவி, புள்ளி புள்ளியாக ஒற்றி, ஒரு கோடு எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி வரைந்த வேலை அது. விண்ட்சர் ஃபேதானிலும் அதே வேலைதான். தாளின் சொரசொரப்பே தோலின் ஒளியாக மாறும்படி அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒற்றியிருக்கிறார்.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. இந்த மெருகு எல்லா இடத்திலும் ஒரே அளவாக விழுகிறது. குதிரையின் வயிறு, சகோதரியின் தோள், நதித்தெய்வத்தின் முழங்கால், கழுகின் இறகு எல்லாம் ஒரே பொறுமையோடு, ஒரே மென்மையோடு வரைந்தவை. அதனால் ஒவ்வொன்றும் அழகாக இருக்கிறது. ஆனால் எதற்கும் கனமில்லை. நான்கு குதிரைகளும் ரதமும் வானத்திலிருந்து விழும்போது நமக்குப் பதற்றம் வர வேண்டும். விண்ட்சர் தாளில் அவை விழவில்லை, மிதக்கின்றன. அமைப்பு கண்ணைக் கீழே தள்ளுகிறது. மெருகு ஒவ்வொரு தசையிலும் கண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத் தாளைப் பக்கத்தில் வைத்தால் இது இன்னும் துலங்கும். அதில் எல்லாப் பகுதியும் ஒரே அளவு முற்றுப்பெறவில்லை. சில இடங்களில் நிழல் கூடி உடல் திரள்கிறது. சில இடங்களில் கோடு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. அந்த ஏற்றத்தாழ்வே வேகமாகப் படுகிறது. லியோனார்டோவின் நெப்டியூனிலும் இதே கதைதான். சென்யிக்குக் கொடுத்த முற்றுப்பெற்ற தாள் தொலைந்துவிட்டது. விண்ட்சரில் இருப்பது அதற்கான முன்வரைவு. குதிரைகளைத் தாழ்த்தி வரைய வேண்டும் என்று லியோனார்டோ அதில் தனக்குத்தானே குறிப்பெழுதி வைத்திருக்கிறார். ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த கோடுகளில் குதிரைகள் அலையிலிருந்து எழுகின்றனவா, அலையே குதிரைகளாகிறதா என்று சொல்ல முடியாது. முடிந்த தாள் கிடைத்திருந்தால் அது இதைவிட உயிரோடு இருந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இதற்கு மறுப்பு உண்டு. முன்வரைவின் வேகத்தை ரசிப்பது பிற்காலத்தின் சுவை, அந்தக் காலத்தவர் முழுமையைத்தான் போற்றினார்கள், அவர்கள் அளவுகோலில் வைத்தே அவர்கள் படைப்பை அளக்க வேண்டும் என்பார்கள். நியாயம்தான். அதோடு மெருகு தேவைப்படும் இடமும் உண்டு. டிட்டியஸ் சித்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். அப்பல்லோவின் தாயான லேட்டோவைப் பலவந்தப்படுத்த முயன்ற அசுரன் அவன். பாதாளத்தில் பாறைமேல் கட்டுண்டு கிடக்க, பறவை அவன் ஈரலைத் தின்னும். தின்னத் தின்ன அது வளரும். மைக்கேலாஞ்சலோவின் தாளில் ரத்தக் களரி இல்லை. பிரம்மாண்டமான பறவை சிறகு விரித்து மேலே நிற்க, அவன் உடல் மாசுமருவற்றுக் கிடக்கிறது. வலப்பக்கம் மரத்தின் அடிமரம் மட்டும் வாய் பிளந்து அலறும் முகம் போல முறுக்கியிருக்கிறது. உடலில் இல்லாத அலறலை மரத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்தத் தோலின் மெருகு இங்கே கதையோடு ஒட்டுகிறது: எத்தனை முறை கிழித்தாலும் மறுபடி முழுமையாகிவிடும் உடல், முடிவில்லாத தண்டனைக்கென்றே இருக்கும் உடல். பதினைந்து ஆண்டுகள் கழித்து ஓவியர் டிஷியன் இதே கதையை இரண்டரை மீட்டர் உயரக் கித்தானில் தீட்டினார். மாட்ரிட் பிராடோவில் இருக்கிறது. இருட்டும் கனமும் சேர்ந்து அச்சுறுத்தும் படம் அது. மைக்கேலாஞ்சலோவின் சிறிய தாள் அச்சுறுத்தவில்லை. அதைவிடக் குரூரமான ஒன்றைச் சொல்கிறது. ஆக, மெருகு தன்னளவில் குறையன்று. கதை கேட்கும் இடத்தில் அது பலம்; ஃபேதான் போல வேகமே உயிரான கதையில் அது பாரம்.

அதே டிட்டியஸ் தாளின் பின்பக்கம் இன்னொரு குறையைக் காட்டிக்கொடுக்கிறது. மைக்கேலாஞ்சலோ தாளை ஒளியில் பிடித்து டிட்டியஸின் புறக்கோட்டைப் பின்பக்கம் படியெடுத்திருக்கிறார். படுத்திருந்தவனை நிமிர்த்தினால் அவன் கல்லறையிலிருந்து உயிர்த்தெழும் கிறிஸ்துவாகிவிடுகிறான். காமத்தால் கெட்ட அசுரனின் அதே உடல், தலைமாற்றிப் பிடித்தால் இரட்சகரின் உடல். இதை மேதைமை என்று போற்றுவோர் உண்டு. கோட்டின் மீது அவருக்கிருந்த ஆளுமையை நானும் மறுக்கவில்லை. ஆனால் கதை எதுவானாலும் உடல் ஒன்றே என்ற உண்மையும் அதில் வெளிப்படுகிறது. ஃபேதானின் சகோதரிகளின் தோளும் கையும் மல்லர்களுடையவை. உணர்ச்சியை முகத்திடம் விடாமல் உடலிடமே விட்டுவிடும் கலைஞர் அவர். அந்த உடலோ ஒரே வார்ப்பு. முடித்து மெருகேற்ற ஏற்ற அந்த வார்ப்பு இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. கதைக்குரிய தனித்தன்மை அதில் கரைகிறது.

அதன் விளைவை வரலாறே காட்டியது. பாறைமேல் கட்டுண்டவன், மேலே பெரும்பறவை என்றதும் அது டிட்டியஸா புரோமெதியஸா என்ற குழப்பம் பின்னால் வந்தது. நெருப்பைத் திருடிக் கொடுத்த புரோமெதியஸுக்கும் ஏறக்குறைய இதே தண்டனைதான். இன்று ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிற 'கட்டுண்ட புரோமெதியஸ்' படத்துக்கு ஓவியர் ரூபன்ஸ் இந்த டிட்டியஸின் கிடையையும் எடுத்துக்கொண்டார். ஒருவன் தெய்வத்தாயிடம் முறைகேடாக நடந்தவன். மற்றவன் மனித குலத்துக்கு உபகாரம் செய்தவன். இருவருக்கும் ஒரே உடல் பொருந்துகிறதென்றால், படம் கதையை எந்த அளவுக்குச் சொல்கிறது?

தெரிந்தவருக்குத் தெரியும் என்பதே இந்த வழக்கத்தின் பதில். அடுத்த பலவீனமும் அதுதான். கவாலியேரிக்கு விளக்கம் தேவையில்லை. கழுகு தூக்கிச்செல்லும் கனிமீட் என்ன, கழுகு தின்னும் டிட்டியஸ் என்ன, எட்டாத உயரத்துக்கு ஆசைப்பட்டு எரிந்து விழுந்த ஃபேதான் என்ன என்பதெல்லாம் இருவருக்கும் இடையிலான பேச்சு. வெளியிலிருப்பவர் ஊகிக்க வேண்டியதுதான். 1939இல் கலை வரலாற்றாசிரியர் எர்வின் பானோஃப்ஸ்கி, கனிமீட் தெய்வத்தை நோக்கி எழும் ஆன்மா என்றும் டிட்டியஸ் உடலின் இச்சைக்கு அடிமைப்பட்ட மனம் என்றும் நவ பிளேட்டோனியத் தத்துவத்தின் வழியே விளக்கினார். படிக்கச் சுவையான விளக்கம். ஆனால் அதற்கான ஆதாரம் தாள்களுக்கு வெளியேதான் இருக்கிறது. அவருக்குப் பின் வந்தவர்கள் தத்துவத்தைக் குறைத்துக் காதலைக் கூட்டினார்கள். தாள்கள் எந்தப் பக்கமும் சாட்சி சொல்வதில்லை. ஒருவருக்காக மட்டும் வரைந்த படத்தில் அந்த ஒருவர் போனபின் மற்றவர்கள் தத்தம் விருப்பத்தை நிரப்பிக்கொள்கிறார்கள்.

அந்தரங்கம் என்பதும் அதிக நாள் நீடிக்கவில்லை. 1533 செப்டம்பர் 6 தேதியிட்ட கவாலியேரியின் கடிதம், ஃபேதான் வந்து சேர்ந்த சில நாளிலேயே போப்பாண்டவரும் கார்டினல் இப்போலிட்டோ டி மெடிச்சியும் மற்றவர்களும் அதைப் பார்த்துவிட்டதைச் சொல்கிறது. கார்டினல் டிட்டியஸையும் கனிமீடையும் பாறைப் படிகத்தில் செதுக்கவைக்க ஆசைப்பட்டாராம். டிட்டியஸைக் காப்பாற்ற முடியவில்லை, கனிமீடைக் காப்பாற்றப் பெரும்பாடு பட்டேன் என்ற தொனியில் எழுதுகிறார் கவாலியேரி. ஜொவான்னி பெர்னார்டி படிகத்தில் செதுக்கிய டிட்டியஸ் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும், ஃபேதான் பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அடுத்து நிக்கொலா பெயாத்ரிசே போன்றோர் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள். படிகமும் செப்பும் சாக்கட்டியின் ஒற்றலை ஏற்கா. ஐரோப்பா முழுக்கப் பரவியது உருவங்களின் அடுக்கு மட்டுமே; கவாலியேரி இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்த அந்த மெல்லிய நிழல் பரவவில்லை. கனிமீட் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியகத்தில் உள்ள தாள் மைக்கேலாஞ்சலோ வரைந்ததா, நகலா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் உடன்பாடு இல்லை. பரிசு பெற்றவருக்கே பரிசு நிலைக்கவில்லை என்பதற்கும் சான்றுண்டு: கிளியோபாட்ராவின் தலையை வரைந்த தாளை 1562இல் கவாலியேரி ஃபுளோரன்ஸ் ஆட்சியாளர் முதலாம் கோசிமோவுக்குக் கொடுக்க நேர்ந்தது. பிள்ளையைப் பறிகொடுப்பது போன்ற வேதனை என்று அவரே எழுதினார்.

ஆனால் இந்தப் பரவலில் ஒரு பாடம் இருக்கிறது. படிகத்தில் ஏறியும், செப்பில் அச்சாகியும், ரூபன்ஸின் தூரிகையில் வேறு கதையாகியும் பிழைத்தது எது? மெருகு அல்ல. நெட்டுத்தாளில் மூன்று அடுக்கு, நடுவே வெறுமை, விழுவதற்கு முன்பே வந்துவிட்ட அன்னம், மனிதனுக்குப் பதில் அலறும் மரம் — இந்த யோசனைகள்தான். இவை முன்வரைவில் பிறக்கின்றன. முடிந்த தாளில் நிலைபெறுகின்றன. மெருகு இவற்றை உண்டாக்கவில்லை. நல்ல இடத்தில் துணைநிற்கிறது, தவறான இடத்தில் மறைக்கிறது.

ஆகவே விண்ட்சர் ஃபேதானுக்கான புகழ் சரி. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் பல சமயம் தவறு. எவ்வளவு நுணுக்கம், எவ்வளவு பொறுமை, கையா இது என்ற வியப்பு கலைஞரின் திறமையை அளக்கிறது, படத்தை அளப்பதில்லை. இத்தகைய தாள் எதன்முன் நின்றாலும், கதையின் எந்தக் கணத்தை எடுத்துக்கொண்டது, எதை விட்டது, காலத்தை எப்படிக் கையாண்டது என்று முதலில் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு மூன்று ஃபேதான்களும் சேர்ந்தே பதில் தருகின்றன. ஒன்று மட்டும் போதாது. அப்படிச் சேர்த்துப் பார்த்தால், பரிசாகப் போய்ச் சேர்ந்த தாளைவிட, பிடிக்கவில்லையென்றால் சொல்லியனுப்பு என்ற குறிப்போடு போன தாளுக்கே நான் முதலிடம் கொடுப்பேன். அதில் மைக்கேலாஞ்சலோ இன்னும் முடிவுக்கு வரவில்லை. அதனால்தான் ஃபேதான் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறான்.